மலைக்காற்றில் நின்றுபோகும் ரோட்டர்: கன்ட்ரோலருக்கு எவ்வளவு ஏரோடைனமிக்ஸ் வேண்டும்?

கேட்டவர் கடைசி வருட எலக்ட்ரிகல் மாணவர். கொடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூரில், சித்தப்பாவின் பூண்டுத் தோட்டத்தில் 3.6 மீட்டர் விட்டத்தில் ஒரு சிறு காற்றாலை நிறுத்தியிருக்கிறார். மூன்று றெக்கை, பின்னால் வால், பிட்ச் (றெக்கையை அதன் நீள அச்சில் திருப்பும் வசதி) கிடையாது, நிரந்தரக் காந்த ஜெனரேட்டர். பக்கத்துக் கம்பத்தில் உள்ள அனிமோமீட்டர் காற்றின் வேகத்தைச் சொல்கிறது. அந்த வேகத்தில் அதிகபட்சம் எவ்வளவு பவர் எடுக்க முடியும் என்று ஒரு பார்முலாவில் கணக்கிட்டு, பத்திரத்துக்காக அதில் 80 சதவீதத்தை மட்டும் கன்வெர்ட்டரிடம் (ஜெனரேட்டரிலிருந்து மின்சாரத்தை இழுக்கும் மின்னணுப் பெட்டி) கேட்கிறது அவருடைய புரோகிராம். சிமுலேஷனில் நன்றாக ஓடியது. தோட்டத்திலோ காற்று ஏறும்போதெல்லாம் ரோட்டரின் (சுழலும் றெக்கைத் தொகுதியின்) வேகம் இறங்கிக்கொண்டே போய்க் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. பார்முலா துல்லியம் போதாது என்கிறாராம் கைடு. 'அப்படியென்றால் சிஎஃப்டி (காற்றோட்டத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிடுவது) செய்துதான் ஆக வேண்டுமா?' என்று கேட்கிறார்.

இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. கன்ட்ரோலர் எழுதுவதற்கு ஏரோடைனமிக்ஸ் மாடல் எவ்வளவு சரியாக இருந்தால் போதும்? இதற்குப் பொதுவான விடை கிடையாது. மாடலில் உள்ள அதே பிழை ஒரு கன்ட்ரோலரைக் கவிழ்க்கும், இன்னொன்றை உரசிவிட்டுப் போகும். உங்கள் விஷயத்தில் இரண்டையும் எண்களிலேயே காட்டிவிடலாம். என்னைப் பற்றி ஒரு வரி: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்து விழுகிற உடுமலை, பூளவாடி பக்கம் பெரிய காத்தாடிகளின் கன்ட்ரோல் பேனல்களோடு பல வருடம் மல்லுக்கட்டியவன், இப்போது பண்ணைக்காட்டில் இருக்கிறேன். வால் வைத்த சிறிய மெஷின்களில் எனக்குப் பழக்கம் குறைவு. அந்த இடம் வரும்போது அதற்குத் தகுந்தபடி என் பேச்சை எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமில்லாத பகுதி. காற்றிலிருந்து ரோட்டர் எடுக்கும் பவர் என்பது காற்றின் அடர்த்தியில் பாதி, றெக்கை சுற்றும் வட்டத்தின் பரப்பு, காற்று வேகத்தின் கனம் (மும்மடி), சிபி என்ற குணகம் ஆகிய நான்கின் பெருக்கல். சிபி எவ்வளவு நல்ல றெக்கைக்கும் 0.593-ஐத் தாண்டாது, ஆல்பர்ட் பெட்ஸ் 1920-இல் காட்டிய எல்லை அது. றெக்கை நுனியின் வேகத்தைக் காற்றின் வேகத்தால் வகுத்தால் வருவது முனைவேக விகிதம், அதாவது லாம்டா. பிட்ச் இல்லாத மெஷினில் சிபி ஏறக்குறைய லாம்டாவை மட்டுமே சார்ந்தது. நீங்கள் எடுத்திருப்பது எல்லோருடைய பிராஜெக்டிலும் வருகிற, அடுக்குக்குறி போட்ட அந்தப் பிரபலமான பார்முலா. அதன் உச்சம் லாம்டா 8.1-இல் 0.48. பெரிய மெஷின்களின் பொதுவான வடிவத்துக்காக எழுதப்பட்டது, யாருடைய றெக்கையையும் அளந்து வந்ததில்லை. உங்களிடம் இல்லாத பிட்ச் கோணம்கூட அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுழி என்று வைத்திருக்கிறீர்கள், சரி.

பிரச்சினை இங்கிருந்து தொடங்குகிறது என்று பலரும் நினைப்பார்கள். எனக்கு உறுத்தியது அடர்த்திக்கு நீங்கள் போட்டிருக்கும் 1.225 என்ற எண். அது கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பநிலைக்கான மதிப்பு. சுமார் 2000 மீட்டர் உயரத்தில், அதே வெப்பநிலையில், ஒரு கன மீட்டர் காற்றின் நிறை 0.96 கிலோவுக்குப் பக்கம்தான் வரும். கீழே உடுமலையில்கூட வெயில் நாளில் 1.12 இருந்தால் அதிகம். ஆக, உங்கள் புரோகிராம் நினைக்கிற பவரில் 78 சதவீதம்தான் தோட்டத்துக் காற்றில் இருக்கிறது. அந்த நினைப்பில் 80 சதவீதத்தை அது கேட்கிறது. பத்திரத்துக்காக விட்ட இடைவெளி முழுவதையும் உயரம் தின்றுவிட்டது. றெக்கை தன் உச்சப் புள்ளியிலேயே நின்று வேலை செய்தாலும் கொடுக்க முடியாத பவரைக் கன்வெர்ட்டர் இழுத்துக்கொண்டிருக்கிறது. குறைகிற பங்கு ரோட்டரின் சுழற்சியிலிருந்து போகிறது, வேகம் இறங்குகிறது. சிமுலேஷனில் இது தெரியாததற்குக் காரணம், காற்றாலை மாடலிலும் கன்ட்ரோலரிலும் அதே 1.225-ஐ வைத்ததுதான். இரண்டு பக்கமும் ஒரே பொய்யைச் சொன்னால் கணக்கு டேலி ஆகிவிடும்.

சரி, 0.96 என்று மாற்றிவிட்டால் தீர்ந்ததா? கொஞ்சம் தள்ளிப்போகும், தீராது. இதற்குச் சாய்வுகளைப் பார்க்க வேண்டும். கன்ட்ரோலருக்கு சிபி எவ்வளவு உயரம் என்பதைவிட, ரோட்டர் வேகம் சற்று மாறினால் டார்க் (சுழற்றும் விசை) எந்தப் பக்கம், எவ்வளவு மாறும் என்பதுதான் முக்கியம். சிபியின் உச்சத்தில் இந்தச் சாய்வை அறிய எந்த மாடலும் வேண்டாம். பவர் என்பது டார்க்கும் சுழற்சி வேகமும் பெருக்கியது. உச்சத்தில் வேகம் சற்று மாறினாலும் பவர் மாறாது. எனவே அங்கே டார்க்கின் சாய்வு, டார்க்கைச் சுழற்சி வேகத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்குச் சமமாக, எதிர்க்குறியோடு இருந்தே தீரும். அதேபோல் காற்று வேகத்தைப் பொறுத்த சாய்வு, டார்க்கைக் காற்று வேகத்தால் வகுத்து மூன்றால் பெருக்கியது. எந்தக் கம்பெனி றெக்கையானாலும் இந்த இரண்டும் உண்மை.

இப்போது ஜெனரேட்டர் பக்கம் வாருங்கள். 'இவ்வளவு வாட் கொடு' என்று கன்வெர்ட்டரிடம் சொன்னால், வேகம் குறையும்போது அதே வாட்டை எடுக்க அது டார்க்கைக் கூட்டும். வருமானம் குறையக் குறையத் தவணையைக் கூட்டுகிற கந்துவட்டி மாதிரி. அதன் சாய்வும் அதே டார்க் வகுத்தல் வேகம், அதே எதிர்க்குறி. இரண்டையும் கழித்தால் சுழி வருகிறது. அதாவது உச்சப் புள்ளியில், பவர் கேட்கும் கன்ட்ரோலரைத் திருப்பி நிறுத்த எந்த விசையும் இல்லை. உச்சத்துக்கு வலப்பக்கம் (லாம்டா கூடிய பக்கம்) இருந்தால் பிழைக்கும், இடப்பக்கம் வழுக்கினால் ரோட்டர் நிற்கும் வரை வழுக்கும். உங்கள் 80 சதவீதக் கட்டளையை, அடர்த்தியைச் சரிசெய்தபின், அதே பார்முலாவில் போட்டுப் பார்த்தேன். ரோட்டர் லாம்டா 10.2-க்குப் பக்கத்தில் நிலைகொள்கிறது. லாம்டா 6.1-க்குக் கீழே போனால் திரும்பி வராது. ரோட்டரின் வேகம் உடனே ஏறிவிடாது என்பதால், வினாடிக்கு 5 மீட்டர் காற்று சட்டென்று 8.5 மீட்டர் ஆனாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். மலை விளிம்பில் அப்படி ஒரு வீச்சு அன்றாடச் சமாச்சாரம். இதோடு, கம்பத்து அனிமோமீட்டர் 10 சதவீதம் கூட்டிக் காட்டினால் கனம் எடுக்கும்போது அது 33 சதவீதமாகிவிடுகிறது. சிஎஃப்டி செய்து சிபியை மூன்றாம் தசமம் வரை கண்டுபிடித்தாலும் இதில் எதுவும் மாறாது.

மாற்ற வேண்டியது கட்டளையின் வடிவம். காற்று வேகத்தை மறந்துவிட்டு, ரோட்டர் வேகத்தை மட்டும் அளந்து, அதன் வர்க்கத்தை ஒரு மாறிலியால் பெருக்கி வரும் டார்க்கை ஜெனரேட்டரிடம் கேளுங்கள். தொழிலில் இதை கே ஒமேகா ஸ்கொயர் என்போம். மாறுவேக மெஷின்களின் அடிப்படை டார்க் விதி இதுதான். அந்த மாறிலி என்பது அடர்த்தியில் பாதி, பை, ஆரத்தின் ஐந்தாம் அடுக்கு, உச்ச சிபி எல்லாவற்றையும் பெருக்கி, உச்ச லாம்டாவின் கனத்தால் வகுத்தது. வேகம் குறைந்தால் இங்கே ஜெனரேட்டர் டார்க்கும் குறைகிறது. ஏரோ பக்கச் சாய்வு ஒரு பங்கு, ஜெனரேட்டர் பக்கம் இரண்டு பங்கு, இரண்டும் ரோட்டரை உச்சத்துக்கே திருப்புகின்றன.

இந்த விதியில் அதே 1.225 பிழையைச் செய்து பாருங்கள். மாறிலி 28 சதவீதம் கூடிப்போகும். ரோட்டர் 8.1-க்குப் பதில் லாம்டா 7.4-இல் நிலைகொள்ளும். அங்கே அதே பார்முலாவின்படி சிபி 0.469. நஷ்டம் இரண்டரை சதவீதத்துக்கும் கீழே. முந்தைய கன்ட்ரோலரை முழுதாக நிறுத்திய பிழை இங்கே இவ்வளவுதான் செய்கிறது. சரியான மாறிலியோடு 8.1-இல் ஓடும்போது காற்று சட்டென்று 1.7 மடங்கு ஆனால்? லாம்டா 4.8-க்கு விழும், ஆனால் அந்த நொடியில் காற்று தரும் டார்க் ஜெனரேட்டர் இழுப்பதைப்போல் 2.4 மடங்கு இருக்கும். ரோட்டர் எழுந்துவிடும். எவ்வளவு நேரத்தில் என்பதையும் சொல்லலாம். சுழற்சி வேகத்தின் வர்க்கத்தை இனர்ஷியாவால் (சுழற்சி மாறுவதை எதிர்க்கும் நிலைமம்) பெருக்கி, பவரின் மூன்று மடங்கால் வகுத்தால் நேர மாறிலி. உங்கள் அளவு ரோட்டருக்கு இனர்ஷியா 7 கிலோ மீட்டர் வர்க்கம் என்று உத்தேசமாக வைத்தால், 6 மீட்டர் காற்றில் சுமார் 3 வினாடி, 12 மீட்டரில் அதில் பாதி.

ஆனால் இந்த எண்களெல்லாம் அந்த வழவழப்பான பார்முலாவிலிருந்து வந்தவை. சிறிய றெக்கையின் இடப்பக்கம், அதாவது ஸ்டால் (காற்றோட்டம் றெக்கையை விட்டுப் பிரிந்து தூக்குவிசை விழுவது) பக்கம், அதைவிடச் செங்குத்தாக விழக்கூடும். உங்கள் றெக்கையின் முக்கால் நீளத்தில், அகலம் 12 சென்டிமீட்டர் என்று வைத்தால், 6 மீட்டர் காற்றில் ரெனால்ட்ஸ் எண் (காற்றோட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காட்டும் எண்) சுமார் 2.4 லட்சம் வரும். அதே றெக்கை கடல் மட்டத்தில் சுமார் 3 லட்சத்தில் ஓடும். இந்த எல்லையில் ஏர்ஃபாயில்களின் (றெக்கையின் குறுக்குவெட்டு வடிவங்களின்) குணம் சட்டென்று மாறும், பூச்சி ஒட்டிய முன்விளிம்பே வித்தியாசம் காட்டும். ஸ்டால் பக்கம் மிகச் செங்குத்தாக இருந்தால் இந்த வர்க்க விதிக்கும் கீழே இரண்டாவது ஒரு நிலைப்புள்ளி முளைக்கலாம். அதில் மாட்டினால் அடையாளம் எளிது: காற்று நன்றாக அடிக்கும், றெக்கையின் சீறல் சத்தம் மாறி வெறும் படபடப்பாகும், நிமிடத்துக்கு 200 சுற்று இருந்தது 80, 90-இல் மந்தமாக நிற்கும், காற்று கூடினாலும் ஏறாது. சில வினாடி டார்க்கை முற்றிலும் விட்டால் எழுந்துகொள்ளும். அதனால் மாறிலியைக் கணக்கில் வருவதைவிட 10 முதல் 20 சதவீதம் குறைவாகவே வையுங்கள். குறைத்து வைத்தால் லாம்டா வலப்பக்கம் போகும், அங்கே இழப்பு சொற்பம், விழும் ஆபத்தும் இல்லை.

றெக்கையின் நிஜமான வளைகோடு வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, க்யூபிளேட் போன்ற இலவச மென்பொருளில் பிளேடு எலிமென்ட் மொமென்டம் கணக்கு, அதாவது றெக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போடும் கணக்கு. உச்சத்தைச் சுற்றியும் அதன் வலப்பக்கமும் அதை நம்பலாம். ஸ்டாலுக்கு அப்பால் அது தரும் கோடு, பல சமயம், இல்லாத தரவை நீட்டி வரைந்தது. சிஎஃப்டியும் அந்தப் பகுதியில் தடுமாறும், அதுவும் பல மணி நேரம் கம்ப்யூட்டரை ஓடவிட்ட பிறகு. இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது, தோட்டத்திலேயே அளப்பது. முதலில் இனர்ஷியா. ஒவ்வொரு றெக்கையையும் அடிப்பக்க போல்ட் துளையில் தொங்கவிட்டு ஊசலாட்டி, இருபது ஆட்டத்துக்கு ஸ்டாப்வாட்ச் பிடியுங்கள். ஒரு கம்பி மேல் படுக்கவைத்தால் எடை மையம் கிடைக்கும், தராசில் எடை கிடைக்கும். ஊசல் சூத்திரமும் இணை அச்சுத் தேற்றமும் பிளஸ் டூவில் படித்ததுதான். அப்புறம் 4 மீட்டர் சீரான காற்றுள்ள ஒரு காலைப்பொழுதில், ரோட்டரை மெதுவாக ஓடவிட்டு, ஜெனரேட்டர் சுமையை முற்றிலும் எடுத்துவிடுங்கள். அது தானாக வேகம் பிடிக்கும்போது ஜெனரேட்டரின் அலைவெண்ணைப் பதிவு செய்யுங்கள். வேகம் ஏறும் வீதத்தை இனர்ஷியாவால் பெருக்கினால் டார்க், லாம்டா 2-லிருந்து சுமையில்லா எல்லை வரை முழுக் கோடும் ஒரே ஓட்டத்தில். உராய்வு அதில் கலந்திருக்கும். கன்ட்ரோலருக்கு அந்த நிகர டார்க்தான் வேண்டும் என்பதால் பரவாயில்லை. காற்று நடுவில் மாறும், ஆகவே பல ஓட்டங்களைச் சேர்த்துச் சராசரி எடுங்கள். அந்த வேகத்தில் சுமையில்லாமல் லாம்டா 12 போனாலும் 255 சுற்றுதான். 10 மீட்டர் காற்றில் இதைச் செய்தால் 640 சுற்று, நுனி வினாடிக்கு 120 மீட்டர். 5 மீட்டருக்கு மேல் தயவுசெய்து முயலாதீர்கள்.

காற்றாலை விற்றவர் கொடுத்த பவர் கர்வை (எந்தக் காற்று வேகத்தில் எவ்வளவு பவர் என்ற கோடு) கன்ட்ரோலருக்குள் நுழைக்கலாமா என்று இடையில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். முறைப்படி அளந்த பவர் கர்வ் நிமிடக் கணக்கில் எடுத்த சராசரி, பொதுவாக 1.225 அடர்த்திக்கு மாற்றி அச்சிடப்படுவது, ஜெனரேட்டர் இழப்பும் உள்ளே கலந்தது. வினாடிக் கணக்கில் ஓடுகிற விஷயத்துக்கு அதில் ஒன்றுமில்லை.

பெரிய மெஷினுக்குப் போனால் எது மாறும் என்றும் ஆர்வமாகக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே மதிப்பிட்ட வேகத்துக்கு (முழுப் பவரும் கிடைக்கத் தொடங்கும் காற்று வேகம்) மேலே பிட்ச் வேலைக்கு வருகிறது, அதன் சாய்வு நிலையாக இருப்பதில்லை. ஆராய்ச்சியாளர்கள் எல்லோரும் பயன்படுத்தும், 126 மீட்டர் விட்டமுள்ள என்ஆர்இஎல் (அமெரிக்க அரசு ஆய்வகம்) 5 மெகாவாட் மாதிரிக் காற்றாலையில் 11.4 மீட்டர் காற்றில் பிட்ச்சை ஒரு டிகிரி திருப்பினால் பவர் சுமார் அரை மெகாவாட் இறங்கும். 25 மீட்டர் காற்றில் அதே ஒரு டிகிரிக்கு 2 மெகாவாட்டுக்கு மேல். நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஒரே கெயினை (வேகப் பிழைக்கு எவ்வளவு திருத்தம் என்ற பெருக்கெண்) வைத்தால் ஒரு முனையில் தூங்கும், மறுமுனையில் துள்ளும். அதனால்தான் பிட்ச் கோணம் கூடக் கூடக் கெயினைக் குறைக்கிறோம். இன்னொன்று, றெக்கையின் பின்னால் போகும் காற்றோட்டம் புதிய நிலைக்கு வர, ஆரத்தைக் காற்று வேகத்தால் வகுத்த அளவுக்கு நேரம் எடுக்கும். டென்மார்க்கின் சேரபோர்க் 2 மெகாவாட் மெஷினில் பிட்ச்சைச் சட்டென்று திருப்பிப் பார்த்தபோது டார்க் முதலில் எல்லை தாண்டிப் போய், சில வினாடி கழித்துத்தான் நிலைகொண்டது. 63 மீட்டர் ஆரத்துக்கு இது 5 வினாடி அளவு, பிட்ச் கன்ட்ரோலின் சொந்த வேகத்தோடு மோதும். உங்கள் 1.8 மீட்டர் ஆரத்துக்கு 0.3 வினாடி, ரோட்டரின் 3 வினாடியோடு ஒப்பிட்டால் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடலாம்.

இனி சந்தேகமான பகுதி. மேலே சொன்ன எல்லாம் ரோட்டருக்கு நேராக, கிடைமட்டமாக வரும் காற்றுக்கு. பழனி மலையின் விளிம்புகளில் காற்று சரிவைத் தொட்டு மேல்நோக்கி வரும். பெரிய காற்றாலைகளுக்கான ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரம் 8 டிகிரி சாய்வு வரைதான் கணக்கில் எடுக்கிறது, பள்ளத்தாக்கை ஒட்டிய மேட்டில் அதைத் தாண்டுவது சுலபம். சாய்ந்து வரும் காற்றில் பவர் எவ்வளவு குறையும் என்பதற்குக் கோசைனின் கனம் என்று ஒரு கணக்கும் வர்க்கம் என்று ஒரு கணக்கும் புழங்குகின்றன. இரண்டும் இடத்துக்கு இடம் பொய்க்கும். மேற்கே தைலமரமோ சீகை மரமோ நின்றால், அதற்குப் பின்னால் ரோட்டரின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் வெவ்வேறு காற்று. தென்மேற்குப் பருவக்காற்றில் எடுத்த அளவு வடகிழக்குக் காற்றுக்குப் பொருந்தும் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இதையெல்லாம் மாடலுக்குள் அடைக்கப் பார்ப்பதைவிட, மாறிலியைச் சில வாரத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் மாற்றி, ஒரே மாதிரி காற்றுள்ள நாட்களில் கிடைத்த யூனிட்டை ஒப்பிட்டுப் பார்ப்பது பலன் தரும்.

வால் விஷயத்தில் என் பேச்சுக்கு எடை குறைவு. காற்று மிகும்போது வால் மடங்கி ரோட்டர் பக்கவாட்டில் திரும்புகிறது. எந்த வேகத்தில் திரும்பும், எந்த வேகத்தில் திரும்பி வரும் என்பவை ஒன்றாக இருப்பதில்லை, திரும்பும் வேகம் ரோட்டரின் தள்ளுவிசையையும் சார்ந்தது, அந்தத் தள்ளுவிசை நீங்கள் கொடுக்கும் டார்க்கையும் சார்ந்தது. ஆக, உங்கள் புரோகிராமை மாற்றினாலே வால் மடங்கும் காற்று வேகமும் மாறக்கூடும். இதற்கு நம்பகமான எளிய மாடல் என்று ஒன்றை என்னால் கைகாட்ட முடியாது. மதிப்பிட்ட வேகத்துக்கு மேலே டார்க்கை உயர்த்தி ரோட்டரை வேண்டுமென்றே ஸ்டாலுக்குள் தள்ளி அடக்கும் முறை சில கட்டுரைகளில் உண்டு. ஸ்டால் பக்கக் கோட்டை நீங்களே அளக்காத வரை அதைத் தொடாதீர்கள். அடர்த்தி குறைவு என்பதால் வால் மடங்குவதும் கடல் மட்டக் கணக்கைவிடச் சுமார் 13 சதவீதம் அதிகக் காற்று வேகத்தில்தான் நடக்கும், அதற்குள் சுமையில்லாத ரோட்டர் அதே அளவு கூடுதலாகச் சுற்றியிருக்கும்.

புதிய புரோகிராமை ஏற்றும் முன் ஒரே ஒரு வேலை. ஜெனரேட்டரின் மூன்று வயரையும் ஷார்ட் செய்யும் பிரேக் சுவிட்சை மெதுவான காற்றில் சோதித்துப் பாருங்கள். ஷார்ட் பிரேக்கின் டார்க் ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் உச்சம், அதற்கு மேலே வேகம் ஏற ஏறக் குறையும். பலத்த காற்றில் ரோட்டர் ஓடிவிட்ட பிறகு அந்தச் சுவிட்சைப் போட்டால் நிற்காமல் வைண்டிங்தான் கருகும். எனவே வேக எல்லையை அந்த உச்சத்துக்குக் கீழேயே வைத்து, அதைத் தொட்டவுடன் ஷார்ட் ஆகும்படி கன்ட்ரோலரைச் சாராத தனி ரிலே ஒன்றைப் போட்டுவிடுங்கள். பிறகு ஒரு வார லாக் எடுத்து இங்கே போடுங்கள், லாம்டா எங்கே உட்காருகிறது என்று சேர்ந்து பார்ப்போம்.